பெரியம்மாவின் பிஸ்கட் கத்தி

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. நான் பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதி முடித்த வருடம், அம்மா தன் சம்பளத்தில் சொந்தமாக ஓர் ஓவன் வாங்கினார்.
2. அந்த டிசம்பரில், முதல் முறையாக, பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டிலேயே கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுட்டார்.
3. ஒவ்வொரு பிஸ்கட்டிலும் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டை ஐசிங்கால் வரைந்தார். ஜன்னல்கள், கம்பில் காயும் துணிகள், தண்ணீர்த் தொட்டி எல்லாம்.
4. அவற்றைச் சிவப்பு மூடி போட்ட அகலவாய்ப் போத்தலில் அடுக்கி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.
5. மறுநாள் விருந்து மேசையில் அந்தப் போத்தல் இருந்தது. உள்ளே அதே பிஸ்கட்டுகள். ஆனால் பிளாட்டுகளைக் காணவில்லை. சுரண்டி எடுத்து, முழுக்க வெள்ளை பூசி, நடுவில் ஒரு சர்க்கரை மணி வைத்திருந்தது.
6. அம்மா அதில் ஒன்றை எடுத்துக் கடித்து, "நல்லா இருக்குக்கா" என்றார்.
7. அதற்குப் பிறகு அம்மா ஐசிங் பக்கமே போகவில்லை.

ஐந்தாவதைச் செய்தவர் பெரியம்மா. ஆறாவதும் ஏழாவதும்கூட அவர் செய்தவைதான் என்பது என் முடிவு. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த ஏழையும் இறக்கி வைக்காமல் வேறு எதையும் எழுத முடியவில்லை.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. குள்ளமான உருவம், வேகமான நடை. மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டு அதற்கு மேலாகத்தான் எதையும் பார்ப்பார். கைப்பையில் ஜெபமாலை, இருமல் மிட்டாய், ஒரு கொத்து ஊக்கு, மரப்பிடி போட்ட ஒரு சின்னக் கத்தி. கத்தி எதற்கு என்று கேட்டால் பழம் நறுக்க என்பார். அதை வைத்து அவர் பழம் நறுக்கி நான் பார்த்ததே இல்லை.

அடுத்தவர் கையிலிருந்து வந்த எதையும் அவரால் அப்படியே விட முடியாது. அவ்வளவுதான் அவர். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

கோயில் படிக்கட்டில் ஏறும்போது முன்னால் போகிற பெண்ணின் சேலை மடிப்பை, கேட்காமலேயே, பின்னாலிருந்து இழுத்துச் சரி செய்வார். பீடத்தில் வேறொரு குழுவினர் வைத்துவிட்டுப் போன பூச்சாடியைப் பூசை தொடங்குவதற்குள் திருப்பி வைத்துவிடுவார். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் நான் வைத்த ஆடுகள் அவர் வந்துபோன பிறகு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தாத்தா இறந்தபோது, சவப்பெட்டியை மூடப் போகிற நேரத்தில், "ஒரு நிமிஷம்" என்று ஆட்களை நிறுத்திவிட்டுக் குனிந்து, தாத்தாவின் கழுத்து டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதைக் கட்டியிருந்தவர் என் அப்பா. அப்பா பக்கத்தில்தான் நின்றார்.

"நான் ஒன்னும் சொல்லல. சாமிகிட்ட இப்படியா அனுப்புறது?" என்றார் பெரியம்மா.

"நான் ஒன்னும் சொல்லல" என்பது அவருடைய முன்னுரை. அது வந்தால் பின்னால் ஒன்று வருகிறது என்று அர்த்தம். பெரியப்பா அந்த வார்த்தை கேட்டதும் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். என் அப்பாவுக்கு வேறொரு வார்த்தை இருந்தது. "அண்ணி அப்படித்தான்." டை விஷயத்திலும் வீட்டுக்குத் திரும்பும்போது அதையேதான் சொன்னார். அண்ணி எப்படியோ அப்படியே இருக்கலாம், மற்றவர்கள்தான் மாறிக்கொள்ள வேண்டும் என்பதை இரண்டே வார்த்தையில் சொல்லும் வசதி அதில் இருந்தது.

இனி பிஸ்கட்டுக்கு வருகிறேன்.

அந்த நாட்களில் எங்கள் சொந்தத்தில் ஓவன் இருந்த வீடு பெரியம்மா வீடு ஒன்றுதான். அது தரை வீடு, எங்கள் பிளாட்டிலிருந்து நடக்கிற தூரம். டிசம்பர் பிறந்ததும் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் அங்கே கூடுவார்கள். கிறிஸ்துமஸ் அன்று மதியம் அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் வரலாம். ஃபாதர் வருவார், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் வரும், பெரியப்பாவோடு வேலை செய்தவர்கள் வருவார்கள். கூடத்து மேசை நீளத்துக்கும் சிவப்பு மூடிப் போத்தல்கள் நிற்கும். குடும்பத்து மருமகள், மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு போத்தல். வருகிறவர்கள் மூடியைத் திறந்துகொண்டே "இது யாரோடது?" என்று கேட்பார்கள். பெரியம்மா பெயர் சொல்லுவார். அப்படிப் பெயர் சொல்லப்படுவதுதான் அந்த மேசையின் விசேஷமே.

அம்மாவுக்கு அங்கே போத்தல் கிடையாது.

அம்மா கெப்பாலா பத்தாஸில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவை விரும்பி, ஞானஸ்நானம் பெற்று, கல்யாணம் செய்துகொண்டார். பெரியம்மாவுக்கு அவர் எப்போதும் "புதுசு." நான் பிறந்தபோதும் புதுசு. நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகும் புதுசு. டிசம்பர் வேலையில் அம்மாவுக்கு ஒதுக்கிய இரண்டு காரியங்கள், தட்டுக்கு வெண்ணெய் தடவுவதும் பாத்திரம் கழுவுவதும். மாவைத் தொட முடியாது. ஐசிங்கை நினைக்கவே முடியாது.

"அவ புதுசு, அவளுக்கு இதெல்லாம் தெரியாது" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே தட்டை அம்மா பக்கம் தள்ளுவார். அம்மா வாங்கித் தடவுவார். அவர் தடவிய தட்டைப் பெரியம்மா விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, விரலால் இன்னொரு முறை தடவுவார்.

பெரியம்மாவின் அலங்காரம் ஒரே மாதிரிதான். நட்சத்திர வடிவம், மேலே வெள்ளை ஐசிங், நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு சர்க்கரை மணி. நான் குழந்தையாக இருந்தபோதும் அதுதான், வளர்ந்த பிறகும் அதுதான். மற்றவர்கள் தங்கள் போத்தலுக்கு அவரவர் விருப்பப்படி கொஞ்சம் பச்சை, கொஞ்சம் சிவப்பு பூசிக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் காய்வதற்கு முன் அவர் பார்வைக்குப் போக வேண்டும். அப்போதுதான் அந்தக் கத்தி வெளியே வரும். பிடிக்காததை எடுத்து, இடது உள்ளங்கையில் வைத்து, நுனியிலிருந்து நடுவுக்குச் சுரண்டுவார். பிஸ்கட் உடையாது. அதில் அவருக்கு ஒரு திறமை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சுரண்டிய ஐசிங்கை ஒரு குவளையில் சேர்த்து வைத்து, வேலை முடிந்ததும் அதில் தேநீர் ஊற்றிக் குடிப்பார். எதையும் வீணாக்கக் கூடாது என்பார். மற்றவர்கள் செய்ததைச் சுரண்டி, சூடாகக் கலக்கி, உறிஞ்சிக் குடிக்கிற அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு ஆறோ ஏழோ வயதில் ஒரு மனிதப் பொம்மை பிஸ்கட்டுக்குக் கண்ணும் வாயும் வைத்தேன். பெரியம்மா எடுத்துப் பார்த்தார்.

"நான் ஒன்னும் சொல்லல பாப்பா. இவனுக்கு வாதம் வந்த மாதிரி வாய் கோணியிருக்கு."

அறையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். கத்தி ஒரு முறை சுரண்டியது, பொம்மையின் முகம் போய்விட்டது. அம்மா மட்டும் சிரிக்காமல் பாத்திரத் தொட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதுகைப் பார்த்தே ஒருவர் சிரிக்கவில்லை என்று கண்டுகொள்ள அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மின்னணுச் சில்லுகளில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நுண்ணோக்கியில் பார்த்து ஒட்ட வைக்கிற வேலை. பிறகு அதை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன, அம்மாவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஆனால் கை மாறவில்லை. ஓவன் வந்த வருடம் அந்தக் கை என்ன செய்யும் என்று நான் பார்த்தேன். தடித்த பிளாஸ்டிக் தாளைக் கூம்பாகச் சுருட்டி, முனையில் ஊசித் துளை அளவுக்கு வெட்டி, ஐசிங்கை அடைத்து, மூச்சை நிறுத்திக்கொண்டு கோடு போட்டார். நேர்கோடு நேராகவே வந்தது.

"ஏன்மா பிளாட்?" என்று கேட்டேன்.

"வேற என்ன வரையுறது? பனியா? நான் பனி பாத்ததில்ல."

"மணி, நட்சத்திரம்லாம் இருக்கே."

"அது அக்கா போடுவாங்க. நான் என் வீட்டப் போடுறேன்."

மழை விடாமல் பெய்த வாரம் அது. பினாங்கு ஈரத்தில் ஐசிங் காயவே காயாது, தொட்டால் விரலோடு வந்துவிடும். வீட்டில் ஏர்கோன் இருந்தது படுக்கையறையில் மட்டும். ஆகவே பிஸ்கட் தட்டுகளைக் கட்டில் முழுக்கப் பரப்பி, ஏர்கோனைப் போட்டு, கதவைச் சாத்தினோம். நாங்கள் மூவரும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தோம். அப்பா கொசுவை அடித்துக்கொண்டே, "பிஸ்கட்டுக்கு ஏர்கோன், மனுசனுக்குக் காத்தாடி" என்று முனகினார். ஆனால் காலையில் முதல் ஆளாகக் கதவைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

எதிர் வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா இருந்தார். நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம், மாமனாருக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை. அவருக்கு அம்மா ஒரு தட்டில் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். கொண்டுபோனது நான். அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எங்க ஜன்னல்தானே?"

"ஆமாங்க்கா."

"இந்தக் கட்டம் போட்ட சாரம், எங்க மாமாவோடது." அவர் சத்தமாகச் சிரித்து உள்ளே திரும்பினார். "இங்க வாங்க. உங்க சாரத்த பிஸ்கட்ல காயப் போட்டிருக்காங்க."

இதை வந்து சொன்னபோது அம்மா முகத்தில் வந்தது சந்தோஷம் மட்டுமில்லை. ஒரு முடிவும் வந்தது. அந்த வருடம் தனக்கு ஒரு போத்தல் வேண்டும், அது மேசையில் நிற்க வேண்டும், "இது யாரோடது?" என்று யாராவது கேட்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைக்குப் போய்ச் சிவப்பு மூடி வைத்த போத்தல்தான் வேண்டும் என்று மற்ற நிறங்களையெல்லாம் ஒதுக்கி எடுத்தார். எனக்குப் புரிந்தது.

மீதிக் கதை தெரிந்ததுதான்.

ஆனால் ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் சிறியதாக ஒன்று இருக்கிறது. அம்மா அந்த வெள்ளை பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

"பெரியம்மா, பிளாட் எங்க?"

"எந்த பிளாட்?"

"அம்மா போட்டிருந்தாங்களே."

"அதுவா. நான் ஒன்னும் சொல்லல. கோடு அவ்ளோ மெலிசு, தூரத்துல இருந்து பாத்தா அழுக்கு ஒட்டுன மாதிரி இருந்துச்சு. ஃபாதர் வர்ற மேசை." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இன்னொன்னு. யேசு பொறந்தது மாட்டுக் கொட்டாயில பாப்பா. பிளாட்ல இல்ல."

"அவங்களுக்கு அப்ப பிளாட் கெடைக்கலன்னுதான் கொட்டாய்க்குப் போனாங்க பெரியம்மா."

பெரியப்பாவுக்குத் தேநீர் புரையேறியது. பெரியம்மா அவரைப் பார்த்ததும் புரையும் நின்றது. அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். அந்த நேரம் பார்த்து ஒரு விருந்தாளி அந்தப் போத்தலைத் திறந்து, "இது யாரோடது?" என்றார்.

"என்னோடதுதான்" என்றார் பெரியம்மா.

அது பொய்யில்லை. அவர் கணக்கில் அது அவருடையதாகிவிட்டிருந்தது. பூசியவர் அவர்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணி..." என்று தொடங்கியவரை அம்மா முடிக்க விடவில்லை. "தெரியும்" என்றார்.

நியாயமாக எழுத வேண்டும் என்றால் இதையும் சேர்க்க வேண்டும். அப்பாவுக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அந்தக் காலம் முழுக்க எங்களுக்குச் சோறு போட்டவர் பெரியம்மா. மழையில் நனைந்துகொண்டு அடுக்குப் பாத்திரத்தைத் தூக்கி வருவார். இரவெல்லாம் கண் விழித்துவிட்டு வந்த அம்மாவைப் படுக்கச் சொல்லிவிட்டு என்னைப் பள்ளிக்குக் கிளப்பினார். மருத்துவமனையில் தாதி விரித்த போர்வையை உருவி மறுபடி விரித்தார். எங்கள் சமையலறையில் உப்பு, சீனி, மிளகாய்த்தூள் டப்பாக்கள் அத்தனையையும் தன் வீட்டு வரிசைப்படி மாற்றி அடுக்கினார். அப்பா குணமாகி வந்த அன்று, ஆசையாக அவருக்கு ஒரு காப்பி கலக்கப் போன அம்மா, சீனி எங்கே என்று தெரியாமல் தன் வீட்டு அலமாரி முன்னால் நின்றார். நன்றியும் அந்த நிற்பும் ஒன்றாகத்தான் வந்தன. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய என்னால் முடியாது.

நான் இப்போது பொறியியல் படித்து முடித்து, பாயான் லெப்பாஸிலேயே வேறொரு தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். என் வேலையில் பாதி மறுவேலை, அதாவது செய்து முடித்த பொருளைத் திருத்துவது, சம்பந்தப்பட்டது. எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒரு பொருளை மறுவேலைக்கு அனுப்ப வேண்டுமானால் குறை என்ன என்று முதலில் எழுத வேண்டும். குறையைச் சொல்ல முடியாவிட்டால் அதன் மேல் கை வைக்கக் கூடாது. வேலையில் சேர்ந்ததும் அந்த விதியை எனக்குச் சொல்லித் தந்த அன்று, எனக்கு நினைவில் வந்தது பிஸ்கட். அம்மா வரைந்ததில் ஒன்றைப் போத்தலில் அடுக்கும் முன் என் பழைய கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். இப்போதும் இருக்கிறது. கொஞ்சம் மங்கல். பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல்கள் ஒரே அளவு. கோடுகள் எங்கும் அறுபடவில்லை. சாரத்தின் கட்டங்கள்கூடத் தெரிகின்றன. குறை என்று எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"பெரியம்மாகிட்ட இருந்துதான் இந்தக் கண்ணு உனக்கு வந்திருக்கு" என்று அப்பா ஒரு தடவை பெருமையாகச் சொன்னார். இல்லை என்றேன். கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அடுத்த வருடத்திலிருந்து அம்மா வெறும் பிஸ்கட் சுட்டு அனுப்பினார். மேலே எதுவும் இல்லை. "அக்காவே பூசிக்கட்டும்." பெரியம்மா பூசிக்கொண்டார். அவருக்கு அதில் எந்தக் கேள்வியும் எழவில்லை. நான் ஒவ்வொரு டிசம்பரும் அம்மாவிடம் கேட்பேன்.

"இந்த வருசம் போடுங்கம்மா."

"ஈரம்லா. காயாது."

"ஏர்கோன் இருக்குல்ல?"

"கண்ணு முன்ன மாதிரி இல்ல."

கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். "ஓவர்டைம் இருக்கு" என்றார். ஓவர்டைம் இல்லாத வருடம், "யார் சாப்பிடுறா இனிப்பெல்லாம்" என்றார். ஒவ்வொரு காரணத்தையும் நான் தீர்த்து வைக்க, புதிதாக ஒன்று வந்தது. அசல் காரணத்தை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெரியப்பா காலமான பிறகு தரை வீட்டை விற்றார்கள். பெரியம்மா பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில், மகன் வீட்டுக்குப் போனார். மருமகள் வேலைக்குப் போகிறவர். நல்ல பெண், ஆனால் மேசை விரிக்கிற ஆள் இல்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலே கிறிஸ்துமஸ் மேசை எங்கள் பிளாட்டுக்கு வந்துவிட்டது. போன கிறிஸ்துமஸ்தான் முதல் தடவை.

பெரியம்மா வந்தார், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு சிவப்பு மூடிப் போத்தலை மடியில் வைத்துக் காரில் வந்திருக்கிறார், யாரிடமும் தரவில்லையாம். என்னிடம் நீட்டியபோதுதான் பார்த்தேன், கை நடுங்கியது. முதுமையில் வருகிற சாதாரண நடுக்கம் இல்லை. மூடி போத்தலோடு உரசிக் கடகடவென்று சத்தம் போட்டது.

சமையலறையில் வைத்துத் திறந்தேன். நட்சத்திரங்கள். வெள்ளை ஐசிங் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் வழிந்து, ஓரங்களில் மாவு தெரிந்தது. சர்க்கரை மணி ஒன்றில் மூலையில், ஒன்றில் விளிம்பில், ஒன்றில் இரண்டாக ஒட்டியிருந்தது. அவர் கையால், வேறு யாரையும் தொட விடாமல், செய்திருக்கிறார். இப்படித் தன்னிடம் ஒன்று வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். இழுப்பறையில் எங்கள் வெண்ணெய்க் கத்தி இருந்தது.

நான் தொடவில்லை. போத்தலை எடுத்துப் போய், மேசையின் நட்டநடுவில், மூடியைக் கழற்றி வைத்தேன். நான் இங்கே தெளிவாக இருக்க விரும்புகிறேன். அது மரியாதை இல்லை. இரக்கமும் இல்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன்.

பார்த்தார்கள். தூரத்து உறவில் ஒரு புது மருமகள், எதுவும் தெரியாத பெண், ஒன்றை எடுத்துக்கொண்டு சிரித்த முகமாகக் கேட்டாள். "இது யாரோடது? சின்னப் பிள்ளைங்க செஞ்சதா?"

பெரியம்மா கண்ணாடிக்கு மேலாக அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போத்தலை நடுவில் வைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் இருவருக்குள்ளும் அந்த ஒரு பார்வையில் போனதுபோல ஒரு பேச்சு அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை.

"என்னோடதுதான்" என்றார். குரல் நடுங்கவில்லை.

பிறகு தட்டில் இருந்த அம்மாவின் பிஸ்கட் பக்கம் கையைக் காட்டினார். "ஏன் வெறும் பிஸ்கட்டா வச்சிருக்க? நீ கோடு போடுவியே. மெலிசா. ஒரு வருசம் பிளாட் போட்டியே."

அம்மா தட்டைத் துடைக்கிற துணியோடு நின்றார். "இப்பல்லாம் போடுறதில்லக்கா."

"ஏன்?"

அவர் உண்மையாகவே கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நடித்திருந்தால் பொறுத்திருப்பேன். தான் சுரண்டியது அவருக்கு ஒரு சம்பவமாகவே பதிந்திருக்கவில்லை. அம்மாவின் கோடுகள் மட்டும் பதிந்திருக்கின்றன. இத்தனை வருடம் கழித்தும், எவ்வளவு மெலிசு என்பதுவரை.

"நீங்க சுரண்டிட்டீங்க பெரியம்மா" என்றேன். "அதுக்கப்புறம் அவங்க போடல."

அப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணி அப்படித்தான்" வரவில்லை. அம்மா என் பெயரைச் சொல்லி அதட்டவில்லை, கிள்ளவுமில்லை. துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா தட்டிலிருந்து அம்மாவின் வெறும் பிஸ்கட் ஒன்றை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோக அந்தக் கைக்கு நேரம் பிடித்தது. கடித்து, மென்று, விழுங்கினார்.

"நான் ஒன்னும் சொல்லல" என்றார். எல்லாரும் காத்திருந்தோம். "ஓவன் சூடு கொஞ்சம் ஜாஸ்தி. அடி செவந்திருக்கு."

முதலில் சிரித்தது அம்மா. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அதில் நான் இல்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்று அதில் இருந்தது, இத்தனை வருடம் தட்டு தடவியவருக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று.

எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவும்போது அம்மா சொன்னார்.

"அந்தப் போத்தல நீ குசினியிலயே வச்சிருக்கலாம்."

"எடுத்துத் திருத்தியிருந்தாதான் தப்பு. நான் அப்படியே வச்சேன்."

"அதான். எல்லாரும் பாக்கட்டும்னு" என்றார் அம்மா. கழுவிய தட்டை என்னிடம் துடைக்கக் கொடுத்தார்.

இப்போது மறுபடி டிசம்பர். நிலவரம் இது. பெரியம்மா சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறார். கை நடுக்கம் கூடியிருக்கிறது, கரண்டியைப் பிடிக்கச் சிரமப்படுகிறார் என்று மகன் சொன்னார். மேசை இந்த வருடமும் எங்கள் வீட்டில்தான். பெரியம்மாவை அழைத்தது அம்மா, நான் இல்லை. அவர் வருகிற அன்று மேசையில் கத்தி எதுவும் இருக்காது. பழக் கேக்கை நான் உள்ளேயே நறுக்கிக் கொண்டுவருவேன். அவரை நான் மன்னிக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. போன வாரம் ஐசிங் சீனி ஒரு பொட்டலம் வாங்கி, ஓவனுக்குப் பக்கத்தில், அம்மா கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். அம்மா அதை எடுத்து அலமாரிக்குள் வைத்திருக்கிறார். இன்னும் பிரிக்கவில்லை.